செட்டாப் பாக்ஸை சுவிட்சில் அணைத்தால் கரண்ட் பில் குறையுமா?

சேலத்துக்காரன்:
இந்தத் தடவை ரீடிங்கில் 512 யூனிட். வீட்டில் ஏசி கிடையாது. படுக்கும்போது டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் சுவிட்ச்போர்டிலேயே அணைக்கச் சொன்னால் மகன் கேட்க மாட்டேன் என்கிறான், அதெல்லாம் சில்லறைக் காசு என்கிறான். யார் சொல்வது சரி?

வாட்_கணக்கு:
மகன் சொல்வதுதான் சரி. போன் மாட்டாத சார்ஜர் கால் வாட் இழுத்தாலே அதிகம், இரண்டு மாதம் செருகியே கிடந்தாலும் அரை யூனிட் வராது. ஆனால் பழைய சீலிங் ஃபேன் 75 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 67 யூனிட், அதுவும் ஒரு ஃபேனுக்கு. பிஎல்டிசி ஃபேன், அதாவது கம்மி கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த ஃபேன், 30 வாட்டில் அதே காற்றைத் தரும், 40 யூனிட் மிச்சம். அதை விட்டுவிட்டு சார்ஜருக்காக வீட்டில் சண்டை எதற்கு?

தாம்பரம்_அக்கா:
சார்ஜர் விஷயம் சரி தம்பி. ஆனால் செட்டாப் பாக்ஸை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரிமோட்டில் அணைத்தால் விளக்கின் நிறம் மாறுமே தவிர பல பாக்ஸ்கள் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும், காலையில் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். 10 வாட் என்று வைத்தாலே நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். ரவுட்டரும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வாட்_கணக்கு:
பகலில் டிவி பார்க்க வேண்டாமா, நெட் வேண்டாமா? ராத்திரி மட்டும் அணைத்தால் இரண்டும் சேர்ந்து ஒன்பது யூனிட்தான் மிச்சமாகும் அக்கா.

தாம்பரம்_அக்கா:
டிவி பார்ப்பது ஐந்து மணி நேரம் என்றால் மீதி 19 மணி நேரமும் பாக்ஸ் எதற்கு ஓட வேண்டும்? அதில் 11, ரவுட்டரை ராத்திரி அணைத்தால் இன்னும் 4, ஆக 15 யூனிட். அவருக்கு 512 என்பது 497 ஆகிவிடும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் மின்வாரியக் கணக்கில் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரை கிடைக்கும் விலைச் சலுகையும் போய்விடும், அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். தாண்டிய 12 யூனிட்டும் ஒவ்வொன்றும் எட்டு ரூபாய்க்கு மேல், அது தனி. முந்நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம், இது சில்லறையா?

மீட்டர்_பிரியன்:
கணக்கை மீட்டரிலேயே பார்த்துவிடலாமே. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட எல்லாவற்றையும் அரை மணி நேரம் அணைத்துவிட்டு பாக்ஸை மட்டும் போடுங்கள், டிவியும் வேண்டாம். மீட்டரில் சின்ன விளக்கு சிமிட்டும். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தால் 3200 சிமிட்டல் ஒரு யூனிட். அரை மணியில் 16 தடவை சிமிட்டினால் அது 10 வாட். அப்புறம் இன்வெர்ட்டரை மட்டும் போட்டுப் பாருங்கள், பேட்டரி நிரம்பிய பிறகும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

வாட்_கணக்கு:
எல்லைக்கோட்டில் நிற்கிறவருக்கு அக்கா சொல்வது பொருந்தும். 300 யூனிட் ஓடும் வீட்டில் 15 யூனிட் குறைந்தால் எழுபது ரூபாய்தான். கோடையில் இவருக்கே 600 ஆகிவிட்டால் பாக்ஸை அணைத்து என்ன பயன்? சேலத்துக்காரரே, வீட்டில் பழைய ஃபேன் எத்தனை ஓடுகிறது, அதைச் சொல்லுங்கள் முதலில்.