பழைய பில்லிங் ஸ்கிரீன் பிரவுசர்ல கட் ஆகுது, பில் லாக் ஆகி நிக்குது: உதவி தேவை

வாஷி_செந்தில்
வணக்கம், அவசரம். நவி மும்பை வாஷி மார்க்கெட்ல ஒரு பருப்பு மொத்தக் கடை. அவங்களோட பழைய டாஸ் பில்லிங்கை பிரவுசர்ல வர்ற மாதிரி பண்ணியாச்சு. மூட்டை எடை போட்டு முடிக்கிறதுக்குள்ள ஸ்கிரீன் கட் ஆகிடுது. மறுபடி உள்ளே போனா அதே பில் திறக்காம, வேறொருத்தர் பயன்படுத்துறார்னு காட்டுது. எஃப்2வும் வேலை செய்யல. நாளைக்குக் காலையில லோடு இறங்குது.

சயான்_சரவணன்
எந்த மொழியில எழுதினது: கிளிப்பரா, ஃபாக்ஸ்ப்ரோவா, கோபாலா? எந்த சர்வர்ல ஓடுது? பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒவ்வொரு தடவையும் அதே நேரத்துலதான் கட் ஆகுதா? இதெல்லாம் தெரியாம எதைச் சொல்ல?

தாராவி_குமார்
வைஃபைதான் ப்ரோ. மார்க்கெட் ஷெட்ல சிக்னல் நிக்காது. லேன் கேபிள் இழுங்க.

பழைய_கிளிப்பர்
தம்பி, டாஸ் ஸ்கிரீனை பிரவுசருக்குள்ள மாட்டினா அது வெப் அப்ளிகேஷன் ஆகிடாது. அடிப்படை தெரியாம கை வச்சா இப்படித்தான் ஆகும். டேட்டாவை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மாத்தி, ஸ்கிரீனை முதல்லருந்து எழுதுங்க. பல தடவை சொல்லியாச்சு.

வாஷி_செந்தில்
கிளிப்பர் 5.2 கோடு, ஹார்பர்ங்கிற கம்பைலர்ல கம்பைல் பண்ணி லினக்ஸ்ல ஓடுது. புட்டிங்கிற டெர்மினல் புரோகிராம்ல பிரச்சினையே இல்ல. இப்போ பிரவுசர்ல டெர்மினல் காட்ட எக்ஸ்டெர்ம் ஜேஎஸ், சர்வர்ல புரோகிராமைக் கிளப்ப நோட் பிடிஒய், ரெண்டுக்கும் நடுவுல ப்ராக்ஸியா என்ஜின்எக்ஸ். கை வைக்காம விட்டா சரியா ஒரு நிமிஷத்துல போகுது. கேபிள்லயும் அப்படியேதான்.

மாதுங்கா_அன்வர்
என்ஜின்எக்ஸ்ல வெப்சாக்கெட்டுக்கு (பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல திறந்தே இருக்கிற கனெக்ஷன்) வேண்டிய அப்கிரேட் ஹெடர் விட்டுப்போயிருக்கும், பாருங்க.

முலுண்ட்_லட்சுமி
அன்வர், அது விட்டுப்போயிருந்தா வெப்சாக்கெட் முதல்லயே திறந்திருக்காது. சரியா ஒரு நிமிஷம்னா வேற கணக்கு. என்ஜின்எக்ஸோட ப்ராக்ஸி ரீட் டைம்அவுட் டீஃபால்ட்டா 60 நொடி. பின்னாடி சர்வர்லருந்து அவ்வளவு நேரம் எதுவும் வரலைன்னா கனெக்‌ஷனை மூடிடும். எடை போடுற நேரத்துல ஸ்கிரீன் சும்மா நிக்குது, அதனாலதான். அந்த மதிப்பை 3600 ஆக்குங்க. கூடவே நோட் பக்கத்துலருந்து 30 நொடிக்கு ஒரு பிங் (கனெக்ஷன் உயிரோட இருக்கான்னு பார்க்கிற சின்ன மெசேஜ்) அனுப்புங்க. பிங் சர்வர்லருந்துதான் போகணும், பிரவுசர் ஸ்கிரிப்ட்லருந்து அனுப்ப வழியில்ல.

லாக் தனிப் பிரச்சினை. வெப்சாக்கெட் மூடினாலும் நோட் பிடிஒய் கிளப்பின ப்ராசஸ் தானா சாகாது, அது பிடிச்ச ரெக்கார்ட் லாக்கும் விடாது. சர்வர்ல எல்எஸ்லாக்ஸ் கமாண்ட் அடிச்சா எந்த ப்ராசஸ் பிடிச்சிருக்குன்னு தெரியும். தயவுசெஞ்சு ப்ராசஸை பலவந்தமா நிறுத்துற கில் மைனஸ் 9 போடாதீங்க. பில் தலைப்பு எழுதி, உருப்படி வரி எழுதாத நேரத்துல செத்தா பாதி பில் நிக்கும். டிபிஎஃப்ல (டேட்டா ஃபைல்) ரெக்கார்ட் விழுந்து என்டிஎக்ஸ்ல (இண்டெக்ஸ் ஃபைல்) அதோட சாவி விழாம போனா, சீக் பண்ணித் தேடும்போது அந்த பில் கண்ணுக்கே தெரியாது. ரீஇண்டெக்ஸ் பண்ணாத்தான் வரும்.

ஆளுக்கு ஒரு டிமக்ஸ் செஷன் கொடுங்க, கனெக்ஷன் போனாலும் அது சர்வர்ல ஓடிட்டே இருக்கும். நியூ செஷனுக்கு மைனஸ் ஏ, மைனஸ் டி ரெண்டும் பெரிய எழுத்துல, அப்புறம் மைனஸ் எஸ் சின்ன எழுத்துல போட்டு யூசர் பேர். கட் ஆகி திரும்ப வந்தா அதே பில், அதே ஃபீல்டுல கர்சர் நிக்கும். பழைய டேப் தானா கழன்றுடும். ஆனா ஆள் சாப்பிடப் போயிட்டா லாக் அப்படியே இருக்கும். அதுக்கு கெட் ரீடர்ல (ஃபீல்டுல அடிக்கிறதைப் படிக்கிற கோடு) சாவி அடிக்கிற வரைக்கும் காத்திருக்கிற இன்கீ சைபருக்குப் பதிலா, 300 நொடி மட்டும் காத்திருக்கிற இன்கீ 300 வச்சு, சைபர் திரும்பினா எஸ்கேப் மாதிரி வெளியே வர வைங்க.

எஃப்2: புட்டி எஃப்1லருந்து எஃப்4 வரைக்கும் எஸ்கேப் [11~ லருந்து [14~ வரை அனுப்பும். எக்ஸ்டெர்ம் ஜேஎஸ் எஸ்கேப் ஓபிலருந்து ஓஎஸ் வரை அனுப்பும். எஃப்5லருந்து ரெண்டும் ஒண்ணுதான். ஸ்கிரிப்ட்ல டெர்ம் மதிப்பை (எந்த டெர்மினல்னு சொல்றது) புட்டின்னு நிலையா வச்சிருந்தா எடுத்துடுங்க, டிமக்ஸ் வைக்கிறதே இருக்கட்டும்.

தாராவி_குமார்
எதுக்கு இவ்வளவு? பைத்தான்ல டிபிஎஃப்பை நேரா திறந்து வெப் ஃபார்ம் போட்டுட்டா முடிஞ்சுது.

சயான்_சரவணன்
படிக்க மட்டும்னா சரி. எழுதினா பைத்தான் லைப்ரரி என்டிஎக்ஸைத் தொடாது, கிளிப்பர் லாக் முறையும் அதுக்குத் தெரியாது. ஒரே பில் நம்பர் ரெண்டு பேருக்கு விழும்.

பழைய_கிளிப்பர்
அதுக்குத்தான் போஸ்ட்கிரெஸ்னு சொன்னேன். டேபிள்ல வெர்ஷன் நம்பருக்கு ஒரு காலம் (column) வச்சு, அப்டேட் பண்ணும்போது பழைய வெர்ஷன் பொருந்தலைன்னா ஒரு வரியும் மாறாது. லாக் பிடிச்சு வைக்கிற வேலையே இல்ல.

மாதுங்கா_அன்வர்
சரிதான் அண்ணே, ஆனா கணக்கு எழுதுறவங்க வேகம்? டெர்மினல்ல அடுத்த ஸ்கிரீன் வர்றதுக்கு முன்னாடியே அடிச்ச சாவி வரிசையில நிக்கும். வெப் பேஜ் லோடு ஆகுறதுக்குள்ள அடிச்சது காத்துல போயிடும். என்டர் அடிச்சா அடுத்த ஃபீல்டு போகணும், வெப் ஃபார்ம்ல சேவ் ஆகிடும்.

பழைய_கிளிப்பர்
ஒரே பேஜ்ல எழுதி, என்டரை ஸ்கிரிப்ட்ல பிடிச்சா ரெண்டும் தீரும். 80 எழுத்து அகலம் 24 வரி ஸ்கிரீனை முதலாளி மொபைல்ல எப்படிப் பார்ப்பார்? அதுக்குப் பதில் சொல்லுங்க.

முலுண்ட்_லட்சுமி
முதலாளிக்குப் படிக்க மட்டும் தனியா ஒரு பேஜ் போதும். செந்தில், இன்னொண்ணு: மெமோ எடிட்ல (கிளிப்பர்ல நீளமா டெக்ஸ்ட் எழுதுற பெட்டி) சேவ் பண்ண கன்ட்ரோல் டபிள்யூ. குரோம் சாதாரண டேப்ல அதைத் தடுக்கவே முடியாது, டேபே மூடிடும். வேற சாவிக்கு மாத்துங்க.

வாஷி_செந்தில்
3600, பிங் போட்டாச்சு, கட் ஆகல. எஃப்2 வந்துடுச்சு. டிமக்ஸ் இன்னைக்கு ராத்திரி. நன்றி அக்கா.

மாதுங்கா_அன்வர்
செந்தில், இன்கீ 300 வச்சீங்களா?