மறு: ‘ஏஜிங் ஒர்க்ஃபோர்ஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> தமிழ்நாட்டின் பொருளாதாரப் போக்குகள் பற்றிய ஓர் அறிக்கையை மொழிபெயர்த்து வருகிறேன். ‘ஏஜிங் ஒர்க்ஃபோர்ஸ்’ என்ற தொடருக்கு ‘மூப்படையும் பணிப்படை’ என்று போட்டிருக்கிறேன். அதனால் ஏற்படும் ஆள் பற்றாக்குறைக்குத் தனிச்சொல் ஏதும் உண்டா?

குன்னூர் ஐயா இப்படிக் கேட்டு நான்கு நாள் ஆகிறது. வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்தேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஒரு தொழிற்சாலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இலைக் கணக்கு எழுதினேன். அதனால் இந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. மடல் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘பணிப்படை’. ஆங்கிலத்தில் ஃபோர்ஸ் என்று இருப்பதற்காக நாமும் படை திரட்ட வேண்டியதில்லை. இலங்கையின் பொருளியல் நூல்களில் ஊழியப்படை, தொழிற்படை என்றெல்லாம் எழுதுகிறார்கள். அங்கே அது நிலைத்துவிட்டது, அதைக் குறை சொல்லமாட்டேன். நம் பக்கத்து வாசகருக்குப் படை என்றவுடன் நினைவுக்கு வருவது அதிரடிப்படைதான். ‘உழைப்பாளர்’ என்ற ஒரு சொல்லே அந்த மொத்தக் கூட்டத்தையும் தாங்கும்.

> ‘பணியாளர் மூப்பு’ என்றால் சுருக்கமாக இருக்குமே.

கொடைக்கானல் நண்பரே, சுருக்கம்தான். ஆனால் ‘பணிமூப்பு’ நம் அலுவலகங்களில் வேறு பொருளில் வேரூன்றி நிற்கிறது. பணிமூப்புப் பட்டியல், பணிமூப்பின்படி பதவி உயர்வு என்று நாள்தோறும் புழங்குகிறது. ‘பணியாளர் மூப்பு’ என்று தலைப்பிட்டால் அரசு ஊழியர்கள் பதவி உயர்வுச் செய்தி என்று எண்ணித்தான் படிக்கத் தொடங்குவார்கள். ‘முதிர்வு’ வங்கிக்குப் போய்விட்டது. ‘முற்றல்’ வெண்டைக்காய்க்கும் தேயிலைக்கும் பொருந்தும். மனிதரைச் சொன்னால் வசை. ஆகவே ‘உழைப்பாளர் மூப்பு’ என்பதே என் தேர்வு. ‘மக்கள்தொகை மூப்பு’ என்பதற்குப் பக்கத்தில் வைத்தாலும் உறவு தெரிகிறது.

இந்தப் பாதி எளிது. ஐயா கேட்ட இரண்டாவது பாதிதான் கடினம்.

> ‘மூப்புத் தட்டுப்பாடு’ எப்படி?

கூடலூர் ஆசிரியை அம்மா சொன்ன இதை முதலில் நானும் ரசித்தேன். ஆனால் குடிநீர்த் தட்டுப்பாடு என்றால் இல்லாதது குடிநீர். உரத் தட்டுப்பாடு என்றால் இல்லாதது உரம். அந்த வழக்குப்படி மூப்புத் தட்டுப்பாடு என்றால் முதியவர்கள் போதவில்லை என்று பொருள் தலைகீழாகிவிடும். ‘காலிப் பணியிடம்’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தமிழ்நாட்டில் காலிப் பணியிடம் என்றாலே தேர்வு மையத்துக்கு வெளியே நிற்கும் பெருங்கூட்டம்தான் கண்ணில் வரும். இங்கே கதை அதற்கு நேர் எதிர். இடம் இருக்கிறது, வருகிறவர் இல்லை.

நான் கொஞ்ச நாள் மனத்தில் வளர்த்த சொல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வயலில் நட்ட பயிர் சில இடங்களில் செத்து, திட்டுத் திட்டாகக் காலி விழுந்தால், அங்கே மறுபடி நடுவதைப் ‘பாடு நிரப்புதல்’ என்பார்கள். காலி இடமும் பாடு, உழைப்பும் பாடு. அதிலிருந்து ‘ஆள்பாடு’ என்று எடுக்கலாம் என்று மகிழ்ந்துபோனேன். பிறகு புணர்ச்சியைப் பார்த்தேன். ஆள், குறைப்பு சேர்ந்து ஆட்குறைப்பு ஆவதுபோல் இதுவும் ‘ஆட்பாடு’ ஆகிவிடும். ஆட்படுதல் என்றால் அடிமைப்படுதல். தோட்டத் தொழிலாளர்களைக் கங்காணிகள் கடன் கணக்கில் கட்டி வைத்த வரலாறு உள்ள மலையில் அந்தச் சொல்லை எழுத எனக்கு மனம் இல்லை. விட்டுவிட்டேன்.

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைப் பார்ப்போம்.

என் தோட்டத்தில் இலை எடுக்க ஐந்து பெண்கள் வருகிறார்கள். அவர்களில் இளையவருக்கு 52 வயது. மூத்த அக்கா இலங்கையில் பதுளைப் பக்கம் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி வந்தவர். இன்றும் அரைநாள் கூலியை ‘அரைப்பேர்’ என்றுதான் சொல்வார். செடி உரசாமல் இருக்க இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைக் கட்டி, கறை ஏறிக் கறுத்த விரல்களில் பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக வெட்டி மாட்டிக்கொண்டு, காலை எட்டு மணிக்குச் சரிவில் நிற்பார். கண் இலையில் இருக்காது, பேச்சு எங்கோ இருக்கும். கை மட்டும் இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் உள்ள தளிரைத் தானே தேடிப் பிடிக்கும். முற்றிய இலை ஒன்று தவறி வந்துவிட்டால் விரலே அதைத் தள்ளிவிடும். மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். பேத்தி கோவையில் நர்சிங் படிக்கிறாள். போன மாதம் எடை போடும்போது அக்கா கேட்டார்: ‘இந்தப் படங்கை நான் யாரிடம் கொடுப்பது, தம்பி?’

என்னிடம் பதில் இல்லை. மகள் திரும்பி வரவேண்டும் என்று அக்காவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்த நான்கு பேரில் நம் மலைகளிலிருந்து இறங்கிப் போன பெண்களும் உண்டு. மாநிலத்தின் வளர்ச்சியும் என் சரிவின் வெறுமையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். இந்த உறவைச் சொல்லாமல் ‘பற்றாக்குறை’ என்று மட்டும் எழுதினால், இளையவர்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்ற பழைய புலம்பலுக்குத்தான் அது போய்ச் சேரும். அது பொய் என்பதால் எனக்குக் கோபம் வருகிறது.

2001இல் 7,62,141 ஆக இருந்த நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2011இல் 7,35,394 ஆகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றே. படுகர் ஊர்களான ஹட்டிகளில் பூட்டிய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. மாநிலம் முழுவதற்கும் வந்தால், 60 வயதைக் கடந்தவர்கள் 2011இல் நூற்றுக்கு 10.4 பேர், தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2021 அறிக்கை அது 2031இல் 18.2 ஆகும் என்று கணித்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு, 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறைப்படி, தமிழ்நாட்டில் 1.4. மக்கள்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும்.

மலைக்கு மட்டும் இன்னொரு காரணமும் உண்டு. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதுதான் பின்னால் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்து இறங்கியது, ஒரே காலத்தில் கூடை எடுத்தது. எனவே ஒரே காலத்தில் மூத்தும்விட்டது. 1970இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்துக்கு மேல். 2022இல் டான்டீ 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு உத்தரவிட்டபோது, நட்டத்தோடு சேர்த்து ஆள் பற்றாக்குறையும் பேசப்பட்டது.

பற்றாக்குறை எல்லாத் தொழிலிலும் எப்போதும் வந்துபோகும். காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாண்டிக்குடியில் ஆள் பற்றாது. பருவம் முடிந்தால் சரியாகிவிடும். இது அப்படி இல்லை. இன்று ஐந்து பேர் வருகிறார்கள், வேலை நடக்கிறது, கணக்கில் குறை தெரியவில்லை. ஆறாவதாகச் சேர ஒருவர்கூட இல்லை என்பதுதான் செய்தி. அதைச் சொல்லும் சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம் செய்தித்தாளில் மழைக்காலம் தோறும் வருகிறது என்பது என் எண்ணம். பைக்காரா, அவலாஞ்சி, எமரால்டு அணைகளைப் பற்றி எழுதும்போது நீர் இருப்பு இவ்வளவு, நீர்வரத்து இவ்வளவு என்று பிரித்துத்தானே எழுதுகிறார்கள்? அணை நிறைந்திருக்கும்போதே வரத்து நின்றுபோகலாம். இருப்பைப் பார்ப்பவர் நிம்மதியாக இருப்பார். வரத்தைப் பார்ப்பவருக்குத்தான் கவலை தெரியும். அதேபோல ‘ஆள் இருப்பு’, ‘ஆள்வரத்து’ என்று பிரிப்போம். மூப்பினால் வரும் பற்றாக்குறையை ‘ஆள்வரத்துக் குறைவு’ என்போம். புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை; ஆள்வரத்து ஆள்வரத்தாகவே நிற்கிறது.

கருத்துச் சொல்லுங்கள்.

— கோத்தகிரியிலிருந்து

*

> ‘இருப்பு, வரத்து’ என்ற பிரிவு பிடித்திருக்கிறது. ஆனால் ‘ஆள்வரத்து’ என்றால் கடைக்கும் கோயிலுக்கும் கூட்டம் வருவதைச் சொல்வது போல் இல்லையா? மனிதரைத் தக்காளி போல் ‘வரத்து’ என்பதும் உறுத்துகிறது. ‘வருகை’ என்று வைத்துக்கொள்ளலாமே. வடமாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்களே, அவர்களை எங்கே சேர்ப்பீர்கள்?

கூடலூர் அம்மாவின் முதல் மறுப்பு சரி. ‘கடையில் ஆள் வரத்தே இல்லை’ என்று நானும் சொல்வேன். அந்தக் குழப்பம் கட்டாயம் வரும். ‘ஆள்’ என்பதை எடுத்துவிட்டு ‘உழைப்பாளர் வரத்து’ என்று வைத்துக்கொள்வோம். உழைப்பாளர் மூப்புக்கு நல்ல இணையாகவும் அமைகிறது. என் முதல் வடிவத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

‘வருகை’ வேண்டாம், அம்மா. வருகைப் பதிவேடு என்று நீங்களே பள்ளியில் நாள்தோறும் எழுதுகிறீர்கள். உழைப்பாளர் வருகை என்றால் இன்று வேலைக்கு வந்தார்களா இல்லையா என்பதுதான் பொருள். தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் எழுதும் கணக்கு அது. சந்தைச் சொல் என்ற உறுத்தலைப் பொறுத்தவரை, வரத்து சந்தைக்கு மட்டும் உரியதல்ல; வரத்துக் கால்வாய் ஏரிக்கு உயிர். எனக்கு அந்தச் சொல்லில் தக்காளி தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிகிறது.

வடமாநிலத் தொழிலாளர்கள் பற்றிய கேள்வி இந்தச் சொல்லுக்கே வலுச் சேர்க்கிறது. ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து எஸ்டேட் லயன்கள் என்ற வரிசை வீடுகளில் தங்கி இலை எடுக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் பல தோட்டங்களில் செடியை வெட்டிச் சீராக்கும் கவ்வாத்துகூட நடக்காது. அது இன்னோர் ஆற்றிலிருந்து வரும் நீர், எனவே ‘வெளிவரத்து’. இங்கேயே பிறந்து வேலைக்கு வருபவர்கள் ‘உள்வரத்து’. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்கான பிள்ளைகள் கணக்கு அஸ்ஸாமில் 1.9, ஒடிசாவில் 1.8. ஜார்க்கண்ட்தான் 2.3 அளவில் நிற்கிறது. அந்த ஊற்றும் குறைந்துவருகிறது. பற்றாக்குறை என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எழுத முடியுமா? வரத்து என்றால் இயல்பாக எழுதலாம்.

கொடைக்கானல் நண்பர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். கத்தரியும் மோட்டார் பொருத்திய இலைவெட்டும் கருவியும் எங்கள் பக்கம் வந்துவிட்டன. வேலை வேகமாகும், ஆனால் கருவிக்குக் கொழுந்தும் முற்றலும் ஒன்றுதான், விலையில் அது தெரிந்துவிடும். சொல்லாக்கத்தில் அதற்கு இடம் தனி. இப்போது இழுக்க வேண்டாம்.

குன்னூர் ஐயா, உங்கள் அறிக்கையில் இப்படிப் போடலாம்: ‘தமிழ்நாட்டில் உழைப்பாளர் மூப்பு விரைந்து கூடுகிறது. மலைத் தோட்டங்களில் உழைப்பாளர் இருப்பு இன்னும் வேலையைத் தாங்கினாலும், உள்வரத்து பெருமளவு நின்றுவிட்டது. வெளிவரத்தே இடைவெளியை நிரப்புகிறது.’ சோதித்துப் பார்க்க இந்த வரிகளை இன்று காலை அக்காவிடம் படித்துக் காட்டினேன். ‘மூப்பு’ என்றதும் தலையாட்டினார். ‘உள்வரத்து நின்றுவிட்டது’ என்ற இடத்தில் கையை நிறுத்தி, ‘நின்று பத்து வருடம் ஆகிறதே, இப்போதுதான் எழுதுகிறார்களா?’ என்று கேட்டார்.

‘பெருமளவு’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். மாநிலம் முழுவதற்கும் அது பொருந்துமா என்பதை அறிக்கையின் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை இலை எடுப்பு இருக்கிறது. சனிக்கிழமை பார்த்து எழுதுகிறேன்.

— கோத்தகிரியிலிருந்து