வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு எந்த பாஸ்போர்ட்? முதலில் குடியுரிமை, அப்புறம்தான் அப்ளிகேஷன்

இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாடு வந்து, அங்கே குழந்தை பெறப்போகிறவர்களுக்காக இது. பிரசவத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். குழந்தை வந்தபின் தூங்கவே நேரம் இருக்காது, சட்டம் படிக்க எங்கே!

பிறந்த நாடு என்ன தருகிறது என்று முதலில் பாருங்கள். கனடாவில் பிறந்தால், பெற்றோர் ஒர்க் பர்மிட்டில் இருந்தாலும் குழந்தைக்குக் கனடியக் குடியுரிமை உண்டு. தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள்தான் விலக்கு. அமெரிக்காவிலும் நெடுங்கால நடைமுறை இதுவே. ஆனால் தற்காலிக விசாவில் இருப்பவர்களின் குழந்தைகளுக்கு அதை மறுக்கும் ஆணை 2025 ஜனவரியில் வந்து வழக்குக்குப் போனது. எச்1பி (வேலை விசா), எஃப்1 (மாணவர் விசா) காரர்கள் பிரசவ சமயத்து நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 1983 முதல், பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ ஐஎல்ஆரோ (காலவரையின்றித் தங்கும் அனுமதி) வைத்திருந்தால்தான் உண்டு. "லண்டனில் பிறந்தான், பிரிட்டிஷ்தானே" என்று ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வது தப்பு. ஆஸ்திரேலியாவிலும் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ பிஆர் (நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்) ஆகவோ இருக்க வேண்டும். ஜெர்மனியில் ஒருவர் 5 ஆண்டு சட்டப்படி வசித்திருப்பதோடு நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூன் 27-க்கு முன் அது 8 ஆண்டு. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இரு பெற்றோரும் இந்தியர் என்றால் அந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது.

இனி இந்தியப் பக்கம். 1955 குடியுரிமைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி, 2004 டிசம்பர் 3 முதல் வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, அப்பா அம்மா இருவரும் இந்தியராக இருந்தாலும் தானாக இந்தியர் ஆகிவிடாது. பிறந்த 1 ஆண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ கான்சுலேட்டிலோ பிறப்பைப் பதிய வேண்டும். அப்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். தாத்தா பாட்டியிடம் காட்ட அவசரமாக ஊருக்குப் போகணும் என்று கனடா பாஸ்போர்ட்டை எடுத்துவிட்டால், அந்த உறுதிமொழியில் உண்மையாகக் கையெழுத்துப் போட முடியாது. பொய்யாகப் போட்டால் பின்னாளில் பாஸ்போர்ட்டே ரத்தாகலாம். எந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பிக்கும் முன் இதை முடிவு செய்துவிடுங்கள்.

என் கருத்து: அமெரிக்கா, கனடாவில் பிறந்த குழந்தைக்கு உள்ளூர் பாஸ்போர்ட்டும் ஓசிஐயும் (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) தான் சரி. அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை அந்த நாட்டைவிட்டுப் போகவும் திரும்பவும் அமெரிக்க பாஸ்போர்ட்தான் வேண்டும். இந்திய பாஸ்போர்ட்டில் விசா போட்டுக்கொண்டு போய்வர வழியில்லை. ஓசிஐயில் ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. 2021 மார்ச் 4 அறிவிக்கைக்குப் பின் ஓசிஐ எடுத்தவர்கள் நீட் எழுதலாம், ஆனால் என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். ஓரிரு வருடத்தில் நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இந்தக் கடைசி வரியை இருமுறை படியுங்கள். அவர்கள் இந்தியப் பதிவைத் தேர்ந்தெடுத்தால், பிறந்த நாடு தந்த குடியுரிமையைப் பிள்ளைக்கு 18 முடிந்த 6 மாதத்துக்குள் கைவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

பதிவுக்கு: உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, பிரின்ட் எடுத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். கூடவே இருவர் பாஸ்போர்ட், விசா நகல், முகவரிச் சான்று, திருமணச் சான்றிதழ், குழந்தையின் பர்த் சர்டிபிகேட். பாஸ்போர்ட் விண்ணப்பம் தனி. அதற்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி (பெற்றோர் உறுதிமொழிப் படிவம்) சேர்க்கணும். கோவிலில் நடந்த கல்யாணத்தைப் பதியாமலே விமானம் ஏறியவர்கள் இந்த இடத்தில்தான் முழிக்கிறார்கள். ஊரில் இருக்கும்போதே பதிந்து, துணையின் பெயரை பாஸ்போர்ட்டிலும் சேர்த்துவிடுங்கள்.

பர்த் சர்டிபிகேட்டில் பெற்றோர் பெயர் இருக்கிற முழு வடிவம் வேண்டும். இங்கிலாந்தில் தருகிற சுருக்க வடிவம் செல்லாது. அங்கே உள்ளூர்ப் பிறப்புப் பதிவுக்குக் கெடு 42 நாள், ஸ்காட்லாந்தில் 21.

நம்மவர்களுக்கே உரிய தலைவலி இனிஷியல். அப்பா பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் அவர் பெயர் சர்நேம் ஆகிவிடும், கிவன் நேம் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விழும். ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்து எழுதினால் குழந்தையின் சர்டிபிகேட்டில் அப்பா பெயரே 'எஃப்என்யு செந்தில்குமார்'! பின்னால் இருவரும் ஒருவரே என்று அஃபிடவிட் எழுதிக்கொண்டு அலையணும். இந்திய பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதச் சொல்லி, கையெழுத்துக்கு முன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். குழந்தையின் சர்நேம் கட்டத்தில் ஒற்றை எழுத்து போடாதீர்கள். அப்பாவின் முழுப்பெயரையோ அம்மாவின் முழுப்பெயரையோ போடுங்கள்.

போட்டோ: தரையில் வெள்ளை விரிப்பு, ஜன்னல் வெளிச்சம், மேலே நின்று எடுங்கள். கண் திறந்து, வாய் மூடி, யார் கையும் தெரியாமல், நிழல் விழாமல் வரும்வரை எடுங்கள்.

பாஸ்போர்ட் வந்தாச்சு, விசா வேணுமா என்று கேட்டவருக்கு: வேணும். அமீரகத்தில் பிறந்த 120 நாளுக்குள் ரெசிடென்ஸ் விசா போடணும், தாண்டினால் அபராதம். பாஸ்போர்ட் இல்லாமல் விசா இல்லை, அதனால் முதல் வாரத்திலேயே பர்த் சர்டிபிகேட்டுக்கு ஓடுங்கள். பிரிட்டனில் பிறந்த குழந்தை உள்ளேயே இருக்கிறவரை விசா இல்லாமல் இருப்பது குற்றமில்லை. வெளியே போய்த் திரும்பத்தான் விசா கேட்பார்கள், ஆகவே ஊருக்கு டிக்கெட் போடும் முன் டிபென்டென்ட் விசாவை முடியுங்கள்.

இந்தியத் தூதரகத்தில் பதியாமலே ஒரு வருடம் தாண்டிவிட்டது என்றவருக்கு: முடியாது என்றில்லை. மத்திய அரசின் அனுமதி வேண்டும். தாமதக் காரணத்தை விளக்கிக் கடிதம் கொடுத்து, கான்சுலேட் வழியாக டெல்லிக்குப் போகும். சீக்கிரம் வரும் என்று எண்ணிப் பயணத் தேதி குறிக்காதீர்கள்.

ஐஎல்ஆர் வந்தபின் பிள்ளைக்கு பிரிட்டிஷ் எடுக்கலாமா என்றவருக்கு: அங்கே பிறந்த பிள்ளை என்றால் 18-க்குள் பதியலாம். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்ததும் இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் செய்து அந்தச் சான்றிதழோடு ஓசிஐ போடுங்கள். பழைய இந்திய பாஸ்போர்ட்டில் இன்னொரு பயணம் போகலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஓசிஐ வந்தபின், பிள்ளைக்கு 20 வயது ஆகும்வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் 3 மாதத்துக்குள் அதன் நகலையும் புது போட்டோவையும் ஓசிஐ தளத்தில் ஏற்றணும். அதற்குக் கட்டணம் இல்லை.