ராக், ராகிங் ரெண்டும் ஒண்ணா? யூகேல படிச்சவங்க சொல்லுங்க

கேள்வி:
தங்கச்சிக்கு இங்கிலாந்துல மாஸ்டர்ஸ் சீட் கெடச்சிருக்கு. அந்த யுனிவர்சிட்டி ஸ்டூடன்ட் யூனியனே "ராக் வீக்"குக்கு எல்லாரும் வாங்கன்னு போஸ்டர் போட்டிருக்கு, அம்மா அத பாத்துட்டு ராகிங்குக்குன்னு ஒரு வாரமே வெச்சிருக்காங்களான்னு பயந்துட்டாங்க. டிக்‌ஷனரில ராக்னா கேலி பண்றதுன்னும் போட்டிருக்கு. எந்த அர்த்தத்துல சொல்றாங்க?

பதில் 1:
அம்மாவ பயப்பட வேணாம்னு சொல்லுங்க. அங்க ராக்னா பசங்க வேஷம் கட்டிக்கிட்டு தெருவுல உண்டியல் குலுக்கி சாரிட்டிக்கு காசு சேக்குறது. பழைய பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல ராக்னா ஒருத்தர ஓட்டுறது, கலாட்டா பண்றது, அதுலருந்து வந்த பேருதான், "ரெய்சிங் அண்ட் கிவிங்"ங்கற விரிவாக்கம்லாம் பின்னாடி ஒட்டவெச்சது. "தே ராக்டு ஹிம் அபவுட் ஹிஸ் ஹேர்கட்"னா முடி வெட்டுன லட்சணத்த வெச்சு அவன ஓட்டுனாங்க, அவ்ளோதான். நாம சொல்ற ராகிங்குக்கு அமெரிக்காவுல ஹேசிங்னு பேரு.

பதில் 2:
ஓட்டுறதுதான அர்த்தம்னு நம்ம ஊர்ல யாரும் லேசா எடுத்துக்காதீங்க. 1996ல மெடிக்கல் மாணவர் நாவரசு சீனியர் ஒருத்தரால கொல்லப்பட்டதுக்கு அப்புறம்தான் தமிழ்நாட்டுல ராகிங் தடைச் சட்டமே வந்துச்சு, 1997ல. ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், பத்தாயிரம் வரைக்கும் அபராதம். கேலி பண்றதையும் அதுல ராகிங்னுதான் சேத்திருக்காங்க, சீனியர் "சும்மா ஜாலிக்கு"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது. ராகிங்க கேலின்னு மொழிபெயர்த்தா எனக்கு கோவம்தான் வருது, பயத்துல காலேஜே வேணாம்னு ஊருக்கு திரும்பி வந்த பிள்ளைங்கள பாத்திருக்கேன்.

பதில் 3:
இலங்கையில நாங்கள் பகிடிவதை எண்டுதான் சொல்லுறனாங்கள். பகிடி எண்டா சும்மா சிரிக்கச் சொல்லுறது, அதோட வதையும் சேர்ந்திருக்கிறதால கேக்கிற ஆளுக்கு விசயம் உடனே விளங்கும். எங்கட நாட்டிலயும் 1998ல சட்டம் வந்தது, ஆனா கம்பஸ்ல இன்னும் முழுசா ஒழியேல்ல.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. இன்னொண்ணு, தங்கச்சி இங்க ஆன்ட்டி ராகிங் கமிட்டில இருந்தா, ரெஸ்யூமேல அப்படியே போடலாமா?

பதில் 1:
பேரு அப்படியே இருக்கட்டும், பக்கத்துல ஜூனியர்ஸ புல்லியிங்லருந்து காப்பாத்துற கமிட்டின்னு ஒரு வரி இங்கிலீஷ்ல எழுதச் சொல்லுங்க. வெறும் ஆன்ட்டி ராகிங்னு போட்டா, உண்டியல் குலுக்குறத எதுக்கு எதிர்த்தாங்கன்னு அங்க உள்ளவங்க குழம்ப வாய்ப்பிருக்கு.