பிளாட்டினமும் நிக்கலும் கலக்க மறுக்கின்றன, உதவுங்கள்

வினையூக்கி வேலை செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எஸ்பிஏ-15 என்ற நுண்துளைச் சிலிக்காவின் துளைகளுக்குள் பிளாட்டினம்-நிக்கல் உலோகக்கலவை நானோதுகள்களை உருவாக்கப் பார்க்கிறேன். இரண்டு உலோகங்களின் உப்புகளும் சேர்ந்த கரைசலில் சிலிக்காவை ஊறவைத்து, உலர்த்தி, காற்றில் 500 டிகிரியில் சுட்டு, அப்புறம் ஹைட்ரஜனில் ஒடுக்குகிறேன், அதாவது உலோகமாக மாற்றுகிறேன்.

தாமிர எக்ஸ்-கதிரில் எடுத்த எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் சோதனை) பிளாட்டினத்தின் 39.8 டிகிரி உச்சம் அப்படியே நிற்கிறது. கலவை உருவாகியிருந்தால் நிக்கலின் 44.5 பக்கம் கொஞ்சமாவது நகர்ந்திருக்க வேண்டுமே! நிக்கல் சிலிக்காவோடு ஒட்டி சிலிகேட் ஆகிவிடுகிறதோ என்று சந்தேகம். வெப்பத்தை ஏற்றினால் அந்த நிக்கலும் உலோகமாக ஒடுங்கலாம். ஆனால் துகள்கள் ஒன்றுசேர்ந்து துளைக்கு வெளியே பெருத்துவிட்டால் இந்தத் துளைகள் இருந்து என்ன பயன்?

காற்றில் சுடாமல் நேராக ஹைட்ரஜனில் ஒடுக்கியவர்கள் உண்டா? வெப்பம் ஏற்றும் வேகம் எவ்வளவு வைத்தீர்கள்? பிளாட்டினம் குளோரைடுக்குப் பதில் அம்மீன் உப்பு (அம்மோனியா இணைந்த பிளாட்டினம் உப்பு) எடுத்தால் வித்தியாசம் தெரியுமா?