ஜெனரிக் வகைகளின் அளவு: சோதனையில் எண்ணை எழுதி வைக்கலாமா?

பைட்_கணக்கன்:
ரஸ்ட் நிரலாக்க மொழிக் கம்பைலரின் நைட்லி பதிப்பில் (தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பு) பிரிண்ட்-டைப்-சைஸஸ் என்றொரு ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) உண்டு. எந்த ஸ்ட்ரக்ட் (பல ஃபீல்டுகளைச் சேர்த்துக் கட்டிய வகை) எத்தனை பைட், ஃபீல்டு ஒவ்வொன்றும் எவ்வளவு, பேடிங் (நிரப்புவதற்காக விடும் காலி பைட்) எங்கே என்று வரிவரியாக அச்சிடும். அதற்கான சோதனைகள் அந்த அவுட்புட் முழுவதையும் ஒரு கோப்பில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகின்றன. எனக்கு இது சரியாகப் படவில்லை. லேஅவுட்டுக்கு, அதாவது ஃபீல்டுகள் நினைவகத்தில் அடுக்கப்படும் விதத்துக்கு, ரஸ்ட் பொதுவாக உத்தரவாதம் தருவதில்லை. யு8 (1 பைட் எண்), யு32 (4 பைட் எண்), யு8 என மூன்று ஃபீல்டு கொண்ட ஸ்ட்ரக்ட், சி மொழி முறையில் அடுக்கினால் 12 பைட். 2017இல் ரஸ்ட் 1.18 வந்து ஃபீல்டுகளை இடம் மாற்றியதும் அதுவே 8. நாளை இன்னொரு மாற்றம் வந்தால்? அளவைத் தரும் சைஸ்_ஆஃப் ஃபங்ஷனை வைத்து, எண் சரிதானா என்று பார்க்கும் ஓர் அசர்ட் போட்டால் போதாதா?

கம்பைலர்_மேஸ்திரி:
போதாது நண்பரே. தராசைச் சோதிக்கிறோம், நீங்கள் மூட்டையை எடை போடச் சொல்கிறீர்கள். ஒரே வகையில் இரண்டு ஃபீல்டு உள்ள பேர்<டி> என்று ஒரு ஜெனரிக் வகையை வைத்துக்கொள்ளுங்கள்; டி என்பது பயன்படுத்தும்போது நிரப்பும் வகை. டி என்னவென்று தெரியாதவரை அதற்கு அளவே கிடையாது. பேர்<யு8> என்று பயன்படுத்தினால் 2 பைட். ஏழு பைட் ஸ்ட்ரக்டைப் போட்டால் 14. காலி ஸ்ட்ரக்டைப் போட்டால் 0. மூன்றும் தனித்தனி வரியாக வர வேண்டும். யாருமே அழைக்காத ஜெனரிக் ஃபங்ஷனுக்குள் இருப்பது வரக்கூடாது. ஒரு வரி இரண்டு முறை வந்தாலோ, விட்டுப்போனாலோ உங்கள் அசர்ட் 14 என்று சொல்லிப் பாஸ் ஆகிவிடும்.

32பிட்_ஆள்:
அது சரி, ஆனால் பாக்ஸ் (நினைவக முகவரியை வைத்திருக்கும் வகை) ஒன்றை உள்ளே போட்டால் என் 32 பிட் பக்கம் 4 பைட், உங்கள் 64 பிட் பக்கம் 8. ஒரே கோப்பு எப்படிப் பொருந்தும்?

கம்பைலர்_மேஸ்திரி:
அதனால்தான் யு8 அரே வைத்தே செய்கிறார்கள். அலைன்மென்ட் (முகவரி எத்தனையின் மடங்கில் தொடங்க வேண்டும் என்பது) 1, எந்த டார்கெட்டிலும், அதாவது எந்த வகைக் கணினிக்குக் கம்பைல் செய்தாலும், அதே எண். பேர்<டி>யில் இரண்டு ஃபீல்டும் ஒரே வகை என்பதால் இடம் மாற்றினாலும் எண் மாறாது. கணக்கன் சொன்ன 12, 8 கதை இங்கே வராது.

பைட்_கணக்கன்:
ஜெனரிக் சோதனைக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஈனம் (enum: பல வடிவங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கும் வகை) சோதனைகள்? ஆப்ஷன்<யு32> 8 பைட், ஆப்ஷன்<நான்ஜீரோயு32> 4. இரண்டாவதில் எண் பூஜ்யமாகாது என்பதால் 'மதிப்பு இல்லை' என்பதற்கு அந்தப் பூஜ்யமே போதும்; அதற்கு ஆவணத்திலேயே வாக்குறுதி உண்டு. ஆனால் பேலோடு (உள்ளே சுமக்கும் தரவு) உள்ள சாதாரண ஈனத்தின் உள்ளே டேக் (எந்த வடிவம் என்று காட்டும் குறி) எங்கே உட்காரும் என்பதற்கு அப்படி எதுவும் இல்லை. அந்தக் கோப்பு உடைந்தால் என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும்: ப்ளெஸ் கட்டளையைத் தட்டுவோம், அதுவே புது அவுட்புட்டைப் பழையதன்மேல் எழுதிவிடும், டிஃபை (பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டை) பார்க்காமல் விபூதி பூசி அனுப்பிவிடுவோம். நானே இரண்டு முறை செய்திருக்கிறேன்.

கம்பைலர்_மேஸ்திரி:
அது பார்க்காதவர் தப்பு, சோதனையின் தப்பு இல்லை. டிஃப் கண்ணுக்கு முன்னால் வருகிறதே!

32பிட்_ஆள்:
நடுவில் ஒன்று. "அலைன்மென்ட்: 1 பைட்ஸ்" என்று பன்மையில் அச்சாகிறதே, கவனித்தீர்களா? இதைத் திருத்தி ஒரு பேட்ச் அனுப்பலாமா?

பைட்_கணக்கன்:
அனுப்புங்கள். ஒரு 'ஸ்' எடுப்பதற்கு எத்தனை கோப்பு மாறுகிறது என்று எண்ணிவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.