நாய்க்குக் கீமோ: வைத்தியமா, வதையா?

திண்ணைக்காரன்: என் பதினொரு வயது நாய்க்குத் தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் இரண்டு கழலை. லிம்போமாவாம், அதாவது நிணநீர்ப் புற்றுநோய். டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றலாம் என்கிறார் டாக்டர். என் அத்தையைக் கீமோ படுத்திய பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அவராவது "சரி, பார்ப்போம்" என்று தலையாட்டினார். வாயில்லா ஜீவனை யார் கேட்பது? எனக்கு மனசு ஒப்பவில்லை.

கறுப்பியம்மா: அத்தைக்குக் கொடுத்தது நோயை வேரறுக்க. நாய்க்கு, இருக்கிற நாள் நன்றாகப் போகட்டும் என்றுதான். அதனால் மருந்தின் வேகமும் குறைவு. என் நாய் கறுப்பிக்கும் இதே மருந்துதான், செக்கச்செவேலென்று இருக்கும். முன்னங்காலில் முடி மழித்து, நரம்பில் குழாய் போட்டு, மெதுவாக இருபது நிமிடம். என் மடியிலேயே தூங்கிவிட்டாள். மூன்றாம் நாள் சோற்றை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். வாந்தி மாத்திரை கொடுத்தேன், அப்புறம் சரியாகிவிட்டது. முடிகூடக் கொட்டவில்லை.

திண்ணைக்காரன்: அந்தச் சிவப்பு மருந்து நரம்பை விட்டுக் கசிந்தால் சதையே அழுகும், நாயின் இதயத்தையும் கெடுக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் மேடம்.

கறுப்பியம்மா: மறைக்கவில்லை சார். அதற்குத்தான் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள், ஆயுளுக்கு மொத்தம் இவ்வளவு மருந்துதான் என்று வரம்பும் உண்டு. ஒரு வாரம் கழித்து வெள்ளணு இறங்கும். அப்போது காய்ச்சல் வந்தால் அன்றே ஓட வேண்டும்.

ஊசிக்காரன்: கால்நடை மருத்துவமனையில் வேலை எனக்கு. படிக்கிற பூனைக்காரர்களுக்கு ஒன்று: நாய்க்குப் போடும் சிஸ்பிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தைப் பூனைக்குப் போட்டால் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துவிடும். டாக்சோரூபிசின் என்றால் பூனைக்குச் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும்; மீசையும் உதிரும். நாய் லிம்போமாவை அப்படியே விட்டால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம்தான் உயிரோடிருக்கும். நாலு மருந்து சேர்ந்த 'சாப்' முறையில் ஓராண்டு வாக்கில். முழுக்கக் குணமாவது அபூர்வம். ஆனால் இணைசேரும்போது தொற்றும் கட்டிக்கு, நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டினை வாரம் ஒன்றாகப் போட்டால் பெரும்பாலும் கட்டியே கரைந்துவிடும்.

திண்ணைக்காரன்: கரைகிற கட்டிக்குப் போடுங்கள், யார் வேண்டாமென்றது? என் நாய் மருத்துவமனை வாசலைப் பார்த்தாலே மூத்திரம் விட்டுவிடும். ஓராண்டில் எத்தனை முறை அந்த வாசல்? வீட்டிலேயே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

கறுப்பியம்மா: அது தப்பே இல்லை. ஆனால் அதை முதலில் ஆரம்பித்துவிட்டு நடுவில் மனம் மாறினால் கீமோ சரியாகக் கேட்காது. முதலிலேயே முடிவெடுங்கள்.

திண்ணைக்காரன்: இதை யாரும் சொல்லவில்லை. மாத்திரை அட்டையை இன்னும் பிரிக்கவில்லை. நாளை டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுகிறேன். ஆனாலும் மேடம், மடியில் தூங்கியதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.